மேடை கோணலா?

'ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்' என்ற பழமொழியைக் கேட்காமல் நம்மில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. ஊருக்கு ஊர் அது கொஞ்சம் மாறும். சில இடங்களில் மேடை கூடமாகும். சில வாய்களில் 'ஆடத் தெரியாதவள்' இருக்கும் இடத்தில் ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்ட பெண்களை இழிவுபடுத்தும் சொல் வரும். எது மாறினாலும் அதற்குள் நிற்பவள் பெண்ணாகவே இருக்கிறாள். இன்னொன்றும் மாறுவதில்லை. அவள் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கிறார்களே தவிர, ஒருவரும் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு போய் மேடையைப் பார்ப்பதில்லை.

மேடையைப் பார்த்துவிட்டு வருவோம் என்கிற ஒரு வேலைமுறை கணினித் துறையில் இருக்கிறது. பயன்பாட்டுச் சோதனை என்று பெயர். செய்முறை எளிது. ஒரு மென்பொருளை இதுவரை பார்த்திராத ஒருவரை அதன் முன் உட்காரவைக்கிறார்கள். 'ஒரு கடிதம் எழுதிச் சேமியுங்கள்', 'நேற்று எழுதியதைத் தேடி எடுங்கள்', 'எழுத்தைப் பெரிதாக்குங்கள்' என்று நாலைந்து வேலைகள் தருகிறார்கள். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் உதவக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. எங்கே கை தயங்கியது, எங்கே வேறொன்றை அழுத்தியது, எங்கே பெருமூச்சு வந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். தொடங்கும் முன் சொல்லியாக வேண்டிய ஒரு வாக்கியம் உண்டு: 'நாங்கள் சோதிப்பது இந்த மென்பொருளைத்தான், உங்களை அல்ல.'

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்தத் துறையைப் பற்றித் தேடிப் படித்தேன். கவிதை எழுதுகிறவளுக்கும் தமிழ்ப் பாடம் நடத்துகிறவளுக்கும் இதில் என்ன வேலை என்று கேட்கலாம். திருப்பூர்ப் பகுதிக் கல்லூரி ஒன்றில் இருக்கிறேன். மாணவிகள் கருத்தரங்கக் கட்டுரையைக் கணினியில் தட்டச்சு செய்யும்போது பக்கத்தில் இருப்பது வழக்கம். அங்கே இருப்பது லினக்ஸ். கோப்பு எங்கோ போய்விடும், திரை சட்டென்று மாறிவிடும், தமிழ் வர வேண்டிய இடத்தில் ஆங்கிலம் வரும். அப்போதெல்லாம் மாணவிகளிடம் ஒரே பதில்தான்: 'நான்தானுங் மேடம், என்னமோ தப்பா அமுத்திட்டேன்.' மாணவர்கள் அதே கணினியில் அதே இடத்தில் தடுமாறினால், 'இது சரியில்லைங் மேடம்' என்பார்கள். அவன் தடுமாறினால் கணினியின் கோளாறு. அவள் தடுமாறினால் அவளுடைய கோளாறு.

ஒருவர் தடுமாறும்போது தவறு யாருடையது? அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? தொழில்நுட்பக் கேள்வி போலத் தெரியும் இது, உண்மையில் அறத்தைப் பற்றிய கேள்வி. கணினியை விட்டு வெளியே வந்தாலும் நம்மைத் துரத்தும் கேள்வி.

*

ஒரு பெண் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று கவனித்துக் குறித்துக்கொள்ளும் வழக்கம் திருப்பூருக்குப் புதிதல்ல. ஏற்றுமதி கம்பெனிகளின் தையல் லைன்களில் ஐ.ஈ. எனப்படும் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர் ஸ்டாப் வாட்சுடன் வந்து நிற்பார். ஓவர்லாக்கில் தோள்பட்டை இணைக்க எத்தனை விநாடி, பேட்லாக்கில் அடிமடிப்பு தைக்க எத்தனை விநாடி என்று பல சுற்று அளப்பார். தைக்கும் பெண்ணின் வேகத்துக்கு ஒரு மதிப்பெண் போடுவார். அதன் மேல் ஓய்வுக்கும் அலுப்புக்கும் சில சதவீதம் கூட்டினால் அந்த வேலைக்கான 'எஸ்.ஏ.எம்.', அதாவது அனுமதிக்கப்பட்ட நிமிடம், கிடைத்துவிடும். மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதப்படும் டார்கெட் அதிலிருந்துதான் பிறக்கிறது.

அந்தச் சில சதவீதத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட வேலை ஆய்வு பற்றிய அறிமுக நூலில் எடுத்துக்காட்டாக ஓர் அட்டவணை வரும். சொந்தத் தேவைகளுக்காக ஆணுக்கு 5 சதவீதம், பெண்ணுக்கு 7 சதவீதம். நின்றுகொண்டு செய்யும் வேலைக்கு ஆணுக்கு 2, பெண்ணுக்கு 4. தாகம், கழிப்பறை, மாதவிடாய் எல்லாம் சேர்ந்து அந்த 7 சதவீதத்துக்குள் அடங்கிவிட வேண்டும். என் பெரியம்மா இருபது வருடம் செக்கிங் டேபிளில் நின்றவர். அவருடைய கெண்டைக்காலில் நீலமாகச் சுருண்டு கிடக்கும் நரம்புகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த 4 சதவீதம் எனக்கு நினைவு வரும்.

பயன்பாட்டுச் சோதனையும் ஸ்டாப் வாட்ச் அளவையும் வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிறவிகள். இரண்டிலும் ஒருவர் வேலை செய்கிறார், இன்னொருவர் பார்த்துக் குறிக்கிறார். இரண்டுக்கும் மூதாதை ஒருவர்தான் என்று கூடச் சொல்லலாம். லில்லியன் கில்பிரெத் என்ற அமெரிக்கப் பெண்மணி தன் கணவர் ஃபிராங்குடன் சேர்ந்து உடல் அசைவுகளைப் படமெடுத்து ஆராய்ந்தவர். 1914இல் வெளிவந்த அவருடைய மேலாண்மை உளவியல் நூலில், எழுதியவர் பெண் என்பது தெரியக் கூடாது என்பதற்காக எல்.எம். கில்பிரெத் என்று மட்டும் பெயர் போட்டார்கள். 1924இல் கணவர் இறந்ததும், அதுவரை இருவரையும் ஆலோசகர்களாக வைத்திருந்த கம்பெனிகள் பல, தனியாக நின்ற பெண்ணை வேண்டாம் என்றன. அவர் சமையலறையின் பக்கம் திரும்பினார். எந்த உயரத்தில் மேடை இருந்தால் முதுகு வலிக்காது, அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையே எத்தனை அடி நடக்க நேர்கிறது என்று அளந்தார். தொழிற்சாலையில் மனிதரை இயந்திரத்துக்கு ஏற்ப வளைக்கப் பயன்பட்ட அதே அளவை, அவர் கையில் மேடையை மனிதருக்கு ஏற்ப உயர்த்தவும் தாழ்த்தவும் பயன்பட்டது.

ஆகவே பார்ப்பதில் மட்டும் அறம் இல்லை. குறித்துக்கொண்ட தாள் எங்கே போகிறது என்பதில் இருக்கிறது. ஐ.ஈ.யின் தாள் சூப்பர்வைசரிடம் போகிறது. மறுநாள் டார்கெட் ஏறுகிறது. பயன்பாட்டுச் சோதனையின் தாள் மென்பொருளை உருவாக்கியவரிடம் போகிறது. மறுமாதம் பொத்தான் இடம் மாறுகிறது. முதலாவதில் அவளுடைய தயக்கம் அவள் மீது போடப்படும் குற்றப்பத்திரிகை. இரண்டாவதில் அதே தயக்கம் ஒரு சாட்சியம்.

கருவியைத் தனக்கேற்ப மாற்றும் அறிவு நம் பெண்களுக்கு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. தையல் மெஷினின் தட்டில் துண்டு டேப்பை ஒட்டி மடிப்பு அளவுக்கு அடையாளம் வைத்துக்கொள்கிறார்கள். உட்காரும் ஸ்டூலில் கட்டிங் வேஸ்ட்டை அடுக்கிக் கட்டித் திண்டு செய்கிறார்கள். மிதிக்கும் பெடலில் துணி சுற்றுகிறார்கள். ஒரு மெஷினில் பழைய ஆள் போய்ப் புது ஆள் வந்தால் முதலில் இந்த ஒட்டுகளும் கட்டுகளும்தான் அவிழும். பிறகு அவளுடையவை முளைக்கும். இதை வடிவமைப்பு என்று யாரும் சொல்வதில்லை. 'பொம்பளைங்க எதையாவது கட்டி வெச்சிருப்பாங்க' என்று கடந்துவிடுகிறோம்.

*

கணினியைத் திறந்ததும் நம் முன் விரியும் திரை, அதில் இருக்கும் சின்னங்கள், பட்டிகள், சாளரங்கள், கோப்புறைகள், குப்பைத்தொட்டி எல்லாம் சேர்ந்ததைப் பணிமேடைச் சூழல் என்று தமிழாக்கியிருக்கிறார்கள். இங்கேயும் ஒரு மேடை. இந்த உருவகம் 1970களில் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் உருவாகி, 1981இல் ஸ்டார் கணினியாகச் சந்தைக்கு வந்தது. மேசை, கோப்பு, கோப்பு வைக்கும் பெட்டி எல்லாம் ஓர் அதிகாரியின் அறைச் சாமான்கள். திருப்பூரில் 'டேபிள்' என்றால் பனியன் தைக்கும் பவர் டேபிள், துணி வெட்டும் கட்டிங் டேபிள், பெண்கள் நின்றுகொண்டு டேமேஜ் பார்க்கும் செக்கிங் டேபிள். கைமடிக்கும் பெண்ணுக்குத் தனக்கென்று ஒரு மேசை வீட்டிலும் இல்லை, கம்பெனியிலும் இல்லை. 'கோப்புறைக்குள் கோப்புறை' என்று நாம் பாடம் நடத்தும்போது அவளுக்கு எந்தப் பொருளும் கண்முன் வருவதில்லை என்றால் அதில் வியப்பில்லை.

அந்த ஆய்வகத்திலேயே இன்னொரு கதையும் உண்டு. லாரி டெஸ்லர் என்ற பொறியாளர், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் செயலாளரை வெற்றுத் திரையின் முன் உட்காரவைத்து, 'இதில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள், இதை எப்படித் திருத்துவாய்?' என்று கேட்டார். அவள் சொன்ன வழியில் யோசித்ததும் பின்னால் டெஸ்லரும் டிம் மோட்டும் உருவாக்கிய எழுத்துத் திருத்தியில் போய்ச் சேர்ந்தது. இன்று உலகமே செய்யும் வெட்டு, ஒட்டு அந்த வழியில் வந்தது. ஒரு பெண் செயலாளர் தன் வேலையை எப்படிச் செய்ய விரும்புவாள் என்று கேட்கத் தோன்றியதே அங்கே நடந்த முக்கியமான கண்டுபிடிப்பு என்று எனக்குப் படுகிறது.

கட்டற்ற மென்பொருள் உலகத்தின் பணிமேடைகளுக்கும் பெண்ணை முன்வைத்தே ஒரு பிறப்புக் கதை இருக்கிறது. 1996 அக்டோபரில் ஜெர்மனியைச் சேர்ந்த மத்தியாஸ் எட்ரிச் என்ற மாணவர், லினக்ஸுக்கு எளிய பணிமேடை ஒன்று வேண்டும் என்று அறிவிப்பு எழுதினார். அதுதான் கே.டி.ஈ. ஆனது. வலைத்தளம் பார்க்கவும் கடிதம் எழுதவும் விரும்புகிற சாதாரணப் பயனருக்கு லினக்ஸ் போதும் என்று தன் காதலியின் கணினியை அமைத்துக்கொடுக்கும்வரை தான் நம்பியிருந்ததாக அதில் அவர் குறிப்பிட்டார். நேர்மையான வரி. ஆனால் அந்தக் காதலிக்கு அந்த அறிவிப்பில் பெயர் இல்லை, சொல்லும் இல்லை. எதில் சிரமப்பட்டாள், என்ன வேண்டும் என்றாள் என்பது நமக்கு வந்து சேரவில்லை. 'எங்கம்மாவுக்கே புரியும்', 'பாட்டி கூட இயக்கலாம்' என்று இன்றும் விளம்பரம் செய்கிறார்களே, அந்த மரபின் தொடக்கங்களில் ஒன்று இது. எளிமையை அளக்கப் பெண் ஓர் அளவுகோல். அளவுகோலிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை.

அடுத்த ஆண்டு, 1997இல், மெக்சிகோவில் மிகேல் தெ இகாசாவும் ஃபெதெரிகோ மேனாவும் நோம் என்ற மற்றொரு பணிமேடையைத் தொடங்கினார்கள். 2001இல் சன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதை உண்மையான பயனர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். இந்தப் பணிமேடை உலகில் முறையாக நடந்த முதல் பெரிய சோதனைகளில் அது ஒன்று. 2002இல் வந்த நோம் இரண்டாம் பதிப்பு பல தேர்வுகளைக் குறைத்தது. வடிவமைப்புக்கென்று எழுதப்பட்ட விதிகள் வந்தன. உடனே சண்டையும் வந்தது. லினக்ஸின் கருவை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸே 2005இல் கடுமையாகத் தாக்கினார். பயனர்களை முட்டாள்கள் என்று நினைத்து வடிவமைத்தால் முட்டாள்கள்தான் பயன்படுத்துவார்கள் என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பெண்களுக்காக எளிமையாக்குகிறோம் என்று சொல்லி நம் கையிலிருந்து பிடுங்கப்பட்டவை ஏராளம். 2011இல் நோம் மூன்றாம் பதிப்பு இன்னும் பலவற்றை மறைத்தபோது பழகிய பலர் கோபப்பட்டு, குறிநிரல்களை எடுத்துக்கொண்டு போய் மேட், சின்னமன் என்று தனிக்குடித்தனம் நடத்தினார்கள். பிரிந்துபோகும் உரிமை இருந்ததால் முடிந்தது. அந்த உரிமை இருக்கும் வீட்டில்தான் சேர்ந்து வாழ்வதற்கும் மரியாதை உண்டு.

ஆனாலும் டோர்வால்ட்ஸின் வாதத்தில் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. எளிமையைக் கேட்பவரிடம் இல்லாதது அறிவு என்று அது எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் இல்லாதது நேரம். காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, எட்டரைக்கு கம்பெனி வேனில் ஏறி, ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு வீடு திரும்பிப் பாத்திரம் கழுவுகிற பெண்ணிடம், 'கையேட்டைப் படித்துப் பார், இணையத்தில் தேடிப் பார், நாலு நாள் நோண்டினால் வந்துவிடும்' என்று சொல்வது அவளுடைய அறிவுக்குக் காட்டும் மரியாதை ஆகாது. நோண்டிப் பார்க்க நாலு நாள் கிடைப்பவருக்கு யாரோ ஒருத்தி சோறு வைத்துக்கொடுக்கிறாள் என்பதை மறந்த பேச்சு அது.

யார் அந்த அறைக்குள் இருந்தார்கள் என்பதற்கு ஓர் எண் போதும். 2006இல் கூகுள் மாணவர்களுக்கு உதவித்தொகை தரும் கோடைத் திட்டத்தில் நோமுக்கு 181 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் ஒன்று கூடப் பெண்ணிடமிருந்து வரவில்லை. பெண்களுக்கு ஆர்வம் இல்லை என்று விட்டிருக்கலாம். ஹன்னா வாலக்கும் கிறிஸ் பாலும் அப்படி விடவில்லை. மேடையைப் போய்ப் பார்த்தார்கள். பெண்களுக்கென்று தனியாக ஒரு கோடைத் திட்டம் அறிவித்ததும் 100 விண்ணப்பங்கள் வந்தன. 2010இல் மரீனா ஜுராகின்ஸ்கயா அந்த முயற்சிக்கு மறுஉயிர் கொடுத்தார். இன்று அது அவுட்ரீச்சி என்ற பெயரில் நடக்கிறது. அதன் வழியாக நோமின் பயன்பாட்டுச் சோதனையைச் செய்தவர்களில் இந்தியாவிலிருந்து சென்ற மாணவியும் உண்டு. உதவித்தொகையோடு என்பதை அழுத்திச் சொல்கிறேன். பொதுநன்மைக்காக இலவசமாக உழை என்று பெண்களிடம் இன்னொரு தடவை கேட்பது எந்தச் சுதந்திரத்தின் பெயராலும் நியாயமாகாது.

*

'கட்டற்ற' என்ற சொல் எனக்குப் பிடிக்கும். ஆங்கிலத்தில் இலவசம், சுதந்திரம் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் ரிச்சர்ட் ஸ்டால்மன் காலமெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. தமிழில் அந்தக் குழப்பம் இல்லை. விரும்பியபடி இயக்கலாம், உள்ளே திறந்து படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். கட்டு இல்லை. ஆனால் கட்டை அவிழ்த்துவிட்டோம், இனி உன் பாடு என்பதோடு சுதந்திரம் முடிந்துவிடுகிறதா?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு பெரிய களம் இருந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அடுத்த சில ஆண்டுகளுக்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவ மாணவியருக்குக் கணினிகள் போய்ச் சேர்ந்தன. முதலில் வந்தவற்றில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அன்றைய பாஸின் பணிமேடை நோம்தான். கணினியைத் திறந்ததும் எது வேண்டும் என்று கேட்கும். நான் அறிந்த மாணவிகள் பெரும்பாலும் அந்த இரண்டாவது கதவைத் திறந்ததில்லை. கடைக்காரர் வேண்டாம் என்றார், அண்ணன் வேண்டாம் என்றான் என்பார்கள். பலருடைய கணினி கொஞ்ச நாளில் அண்ணனுடைய கணினியாகவே ஆகிவிட்டது. சட்டப்படி அவளுக்கு இருந்த சுதந்திரத்தை அவள் ஒருநாளும் தொட்டுப் பார்க்கவில்லை.

அமர்த்தியா சென் ஓரிடத்தில் சைக்கிளை உதாரணமாகச் சொல்வார். சைக்கிள் வைத்திருப்பது வேறு, அதில் ஏறிப் போக முடிவது வேறு. நம் புதுக்கோட்டைப் பெண்கள் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து அதை ஓட்டியே காட்டினார்கள். அந்தக் காலத்தை எழுதிய பி. சாய்நாத் ஒரு சின்னச் செய்தியைப் பதிவு செய்கிறார். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறிய பெண்களில் சிலர், இதுவே நல்லது என்றார்களாம். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் அல்லவா! பெண்ணுக்கு ஏற்றது என்று கம்பியை வளைத்தவர்கள் சேலையை நினைத்தார்கள்; அந்தச் சேலையோடு ஒரு குழந்தையும் வரும் என்று நினைக்கவில்லை. பெண்களுக்காக யோசிப்பதற்கும் பெண்களிடம் கேட்பதற்கும் நடுவே இருக்கும் தூரம் ஒரு குறுக்குக் கம்பி நீளம்.

*

மொழி ஆசிரியராக எனக்குப் பொத்தான்களின் மீதுதான் கண் போகும். எழுதியதை மூடும்போது கணினி ஒரு கேள்வி கேட்கிறது. பழைய பாணியில் 'ஆம், இல்லை, ரத்து' என்று மூன்று பொத்தான்கள் இருக்கும். எதற்கு ஆம்? எது ரத்தாகும்? எழுதிய கட்டுரையே ரத்தாகிவிடுமோ என்று அந்தப் பொத்தானைத் தொடவே பயந்த மாணவிகள் உண்டு. பொத்தானில் வினைச்சொல்லை எழுது என்பது நோம் வடிவமைப்பு விதிகளில் ஒன்று. சேமி. சேமிக்காமல் மூடு. கேள்வியைப் படிக்காதவருக்கும் பொத்தானே பதில் சொல்லிவிடும்.

தமிழில் இது இன்னொரு கதவையும் திறக்கிறது. 'சேமி' என்பதா, 'சேமிக்கவும்' என்பதா? கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்கிய தன்னார்வலர்கள் பல இரவுகளைச் செலவிட்ட கேள்வி இது. 'சேமி' என்று ஒருமையில் எழுதினால் மரியாதைக் குறைவு என்பார்கள். ஆனால் பேசுவது யார் என்று பார்க்க வேண்டும். பொத்தானில் இருப்பது நம் குரல்; நாம் கணினிக்கு இடும் கட்டளை. அங்கே ஒருமை போதும். 'கடவுச்சொல்லை உள்ளிடவும்' என்பது கணினி நம்மிடம் பேசுவது. அங்கே மரியாதை வேண்டும். இந்த இரண்டையும் குழப்பி எல்லாவற்றுக்கும் 'செய்யவும்' போட்டுவிட்டால், திரை முழுக்க யாரோ நமக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருப்பது போலிருக்கும்.

எடு, வை, மடி, அடுக்கு, மூடு. நம் பெண்கள் நாள் முழுக்கக் கேட்கிற வினைகள் இவை. கேட்ட இடத்திலிருந்து எழுந்து, அதே வினைகளைச் சொல்லும் இடத்தில் ஒருத்தி உட்கார முடியும் என்பதைத் திற, தேடு, சேமி, அழி என்ற நாலு பொத்தான்கள் அவளுக்கு உணர்த்தலாம். உணர்த்தாமலும் போகலாம். அது அந்தச் சொற்களை எழுதியவர் எந்தப் பெண்ணை மனதில் வைத்து எழுதினார் என்பதைப் பொறுத்தது. இண்டர்ஃபேஸ் என்பதற்கு நாம் வைத்திருக்கும் சொல் இடைமுகம். முகம் என்றால் அது யாரையோ பார்த்துக்கொண்டிருக்கத்தானே வேண்டும்?

*

எளிமையே அறம் என்று முடித்துவிட்டால் வேலை சுலபம். முடியாது. நான் பார்த்த பெண்களில் கணினியைத் தொடப் பயப்படுபவர்கள் கூடக் கைபேசியைத் தயக்கமில்லாமல் பயன்படுத்துகிறார்கள். அதில் தடுமாற்றம் இல்லை, ஏனென்றால் அதையும் யாரோ உட்கார்ந்து சோதித்திருக்கிறார்கள். எந்த இடத்தில் கட்டைவிரல் தயங்கும், எந்த நிறம் வைத்தால் தயங்காது என்று அளந்திருக்கிறார்கள். உடனடிக் கடன் தரும் செயலியில் 'சம்மதம்' பெரிதாகவும் 'வேண்டாம்' மங்கலாகவும் இருப்பது தற்செயல் இல்லை. தொடர்பு எண்களையெல்லாம் ஒப்படைக்க ஒரு தொடுகை போதும். திரும்பப் பெற வழியே தெரியாது. இப்படி ஏமாற்றும் வடிவமைப்புகளில் 13 வகைகளைப் பட்டியலிட்டு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் நெறிமுறைகள் வெளியிட வேண்டியிருந்தது. 'வேண்டாம்' என்று சொல்பவரை வெட்கப்படவைக்கும் வாசகங்களும் அந்தப் பட்டியலில் ஒன்று. வெட்கப்படவைப்பது யாரிடம் எளிதில் பலிக்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு பக்கம், கட்டில்லாதது, ஆனால் நுழைய முடியாதது. மறுபக்கம், கதவே இல்லாமல் திறந்து கிடப்பது, ஆனால் உள்ளே போனால் கட்டிப்போடுவது. பெண்களின் வாழ்வில் இது பழைய நிலைமைதான். கடினமான சுதந்திரத்துக்கும் வசதியான கட்டுக்கும் நடுவே தேர்ந்துகொள் என்று நம்மிடம் எப்போதும் சொல்லியிருக்கிறார்கள். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்வது என்ற பொறிக்குள் விழ வேண்டாம் என்பதே நான் சொல்ல வருவது. பயனர் என்ற சொல்லுக்குள் பயன் இருக்கிறது. அந்தப் பயன் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று கேட்டால், அவள் பயன்படுத்துபவளா பயன்படுத்தப்படுபவளா என்பது தெரிந்துவிடும்.

கட்டற்ற மென்பொருளிடம் நாம் உரிமையோடு கேட்கக் காரணம் இருக்கிறது. கடன் செயலியிடம் 'எனக்குப் புரியவில்லை' என்றால் அது அடுத்த பெண்ணை இன்னும் நன்றாக ஏமாற்றக் கற்றுக்கொள்ளும். கட்டற்ற மென்பொருளிடம் சொன்னால், சொன்னது எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதப்படும். யாரும் எடுத்துத் திருத்தலாம். திருத்தியது எல்லோருக்கும் போய்ச் சேரும். மேடையைச் செதுக்கும் உளி அங்கே எல்லோருக்கும் பொதுவாகக் கிடக்கிறது. குறை என்னவென்றால், கோணல் எங்கே என்று காட்டக்கூடியவர்கள் இன்னும் போதிய அளவில் அந்தப் பக்கம் போகவில்லை, போக முடியவில்லை.

ஜேக்கப் நீல்சன் என்ற ஆய்வாளர், பெரும்பாலான சிக்கல்களைக் கண்டுபிடிக்க ஐந்து பேரைக் கவனித்தாலே போதும் என்பார். ஐந்து பேர் எந்த மகளிர் விடுதி அறையிலும் கிடைப்பார்கள். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஒருத்தி செய்யட்டும், ஒருத்தி வாய் திறக்காமல் குறித்துக்கொள்ளட்டும். உதவக் கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்வது சிரமமான பயிற்சி. குறித்ததைத் தமிழிலேயே எழுதி அனுப்பலாம். ஆனால் அனுப்புவதற்கு முன்னால் நடக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 'நான்தான் தப்பா அமுத்திட்டேன்' என்று சொல்ல வாய் திறக்கும் ஒரு மாணவியைப் பார்த்து, 'இல்லம்மா, அங்க என்ன எழுதியிருக்குன்னு முதல்ல படி' என்று சொல்ல வேண்டும். அவள் படிப்பாள். இரண்டாம் முறையும் படிப்பாள். பிறகு மெதுவாக, கொஞ்சம் கோபத்தோடு, 'இப்படி எழுதியிருந்தா யாருக்குங் மேடம் புரியும்?' என்பாள்.

அந்தக் கோபத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். திருத்த வேண்டியவர் கையில் போய்ச் சேர வேண்டிய முதல் வரி அதுதான்.